ஆறில் ஒரு பங்கு புஷ்பக்: பிளான் வைத்து மாடல் விமானம் கட்டலாம் வாங்க

மயிலாடி வழியாக பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் பட்டறை வாசல்களில் வரிசையாக நிற்கும் கல் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். அதை வைத்தே ஒரு சின்னக் கணக்கு. ஓரடி உயரப் பிள்ளையார் ஒன்று 15 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பிள்ளையார், அதே கல், அதே அமைப்பு, ஆனால் இரண்டடி உயரத்தில் வேண்டும். எடை எவ்வளவு வரும்?

30 கிலோ என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் உயரம் இரட்டிப்பாகும்போது அகலமும் தடிமனும் சேர்ந்தே இரட்டிப்பாகின்றன. 2 × 2 × 2, ஆக எட்டு மடங்கு. 120 கிலோ! முதல் பிள்ளையாரை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இரண்டாவதைத் தூக்க நாலு பேராவது வேணும்.

இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டால் மாடல் விமானம். அங்கே பெரிதாக்குகிறோம், இங்கே சுருக்குகிறோம், அவ்ளோதான். நிஜ விமானத்தின் பிளானை எடுத்து, ஆறில் ஒரு பங்காகச் சுருக்கி, மரத்தில் கட்டி, பெயின்ட் அடித்துப் பறக்கவிட வேண்டும் என்றால் முதலில் தெரிய வேண்டியது இதுதான்: எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்காது. சில விஷயங்கள் சுருங்கவே சுருங்காது. அது தெரியாமல் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நாலு மாச உழைப்பு பத்து செகண்டில் வயலில் சொருகி நிற்கும்.

ஷெல்ஃபில் வைக்கவா, பறக்கவிடவா?

ஸ்கேல் மாடலில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, அலமாரியில் வைத்துப் பார்ப்பது. 1/72, 1/48, 1/32 என்று வரும். 1/72 என்றால் நிஜத்தில் 6 அடி, மாடலில் 1 அங்குலம்.

இது வெறும் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை. 1942-இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாடல் விமானங்கள் கேட்டது. பிளான்களை அனுப்பியது, மாணவர்கள் மரத்தில் செதுக்கி, கறுப்பு பெயின்ட் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் 1/72. வானத்தில் வருவது நம்ம விமானமா எதிரி விமானமா என்று ஒரு பார்வையில் கண்டுபிடிக்க வீரர்களுக்குப் பயிற்சி தருவதற்காக. 35 அடி தள்ளி வைத்த 1/72 மாடல், 2,520 அடி தூரத்தில் இருக்கும் நிஜ விமானத்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும். அரை கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை ஒரு வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்! அதற்கு வெளிவடிவம் மட்டும் துல்லியமாக இருந்தால் போதும். எடையைப் பற்றிக் கவலை இல்லை.

இரண்டாவது சாதி, பறக்கும் மாடல். அங்கே எடைதான் எல்லாம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நம் உதாரணம்: புஷ்பக்

வெளிநாட்டு விமானம் எதற்கு? பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தயாரித்த புஷ்பக்கை எடுத்துக்கொள்வோம். 1958 செப்டம்பரில் முதலில் பறந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இறக்கை மேலே இருக்கும், இன்ஜின் 90 குதிரைத்திறன். நம் நாட்டு ஃப்ளையிங் கிளப்புகளில் பலர் விமானம் ஓட்டப் பழகியது இதில்தான். இறக்கை ஏறக்குறைய நேர் செவ்வகம், மேலே துணி போர்த்திய கட்டுமானம். முதன்முறை கட்டுபவருக்கு இதைவிட நல்ல விமானம் கிடைப்பது கஷ்டம்.

1/6 அளவில் சுருக்கினால்:

- இறக்கையின் முழு நீளம்: 36 அடி. ஆறால் வகுத்தால் 6 அடி.
- உடல் நீளம்: 21 அடி. ஆறால் வகுத்தால் மூன்றரை அடி.
- இறக்கைப் பரப்பு: 16.26 சதுர மீட்டர். 36-ஆல் வகுக்க வேண்டும், 0.45 சதுர மீட்டர்.
- முழு எடை: 612 கிலோ. 216-ஆல் வகுக்க வேண்டும், 2.83 கிலோ.

நீளத்துக்கு 6, பரப்புக்கு 6-இன் வர்க்கம், எடைக்கு 6-இன் கனம். பிள்ளையார் கணக்கேதான்.

கடைசி எண்ணைப் பெரிதாக எழுதி, கட்டும் மேஜைக்கு மேலே ஒட்டிவையுங்கள்: 2.83 கிலோ. ஏன் என்றால், ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்கும் எடை நிஜ புஷ்பக்கில் 37.6 கிலோ. மாடலில் அது ஆறில் ஒரு பங்கு, 6.3 கிலோ. இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மாடல் பறக்க வேண்டிய வேகம் √6 பங்கு குறையும். நிஜ விமானம் மணிக்கு 140 கி.மீ. போனால் மாடல் 57 கி.மீ. போனாலே போதும். அப்போதுதான் வானத்தில் அது புஷ்பக் போலவே நிதானமாகத் திரும்பும், நிதானமாக இறங்கும்.

"கொஞ்சம் வெயிட் கூடினா என்ன?" என்று கேட்கலாம். 4 கிலோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 1.41 மடங்கு. இறங்கும் வேகம் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடும். தரையில் இடித்தால் இடிக்கும் ஆற்றல் எவ்வளவு? எடை 1.41 மடங்கு, வேகத்தின் வர்க்கமும் 1.41 மடங்கு, பெருக்கினால் இரண்டு மடங்கு. ஒரு கிலோ சொச்சம் கூடியதற்கு இரண்டு மடங்கு அடி!

அதனால் முதல் மரத்துண்டை வெட்டும் முன்பே எடைக்கு ஒரு பட்ஜெட் போடுங்கள். ஒரு மாதிரிக்கு: மோட்டார், பேட்டரி, சர்வோ, ரிசீவர் எல்லாம் சேர்த்து 1,100 கிராம். சக்கரமும் அதன் கம்பிகளும் 200. மரக்கட்டுமானம் 1,050. போர்வையும் பெயின்ட்டும் 300. கையிருப்பு 180. மொத்தம் 2,830. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்து எழுதுங்கள். ஹாஸ்டல் மெஸ் பில் மாதிரி, மாசக் கடைசியில் பார்த்தால் அதிர்ச்சிதான் மிச்சம். தினமும் பார்த்தால் கட்டுக்குள் இருக்கும்.

பிளானைப் படிப்பது

முதலில், கையில் இருப்பது எந்தப் படம் என்று பாருங்கள். மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என்று மூன்று பார்வைகள் மட்டும் இருந்தால் அது வெளிவடிவப் படம். அதை வைத்து நேரடியாகக் கட்ட முடியாது. ரிப் எங்கே, ஃபார்மர் எங்கே, ஸ்பார் என்ன அளவு என்று காட்டுவதுதான் கட்டுமானப் பிளான். வெளிவடிவப் படத்திலிருந்து கட்டுமானப் பிளானை நாமே வரைவது அருமையான பயிற்சி. மெக்கானிக்கல் பசங்களுக்கு கேட் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அடுத்து, பிரின்ட். பிளாட்டர் கடையில் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு ஆனாகி இருந்தால் படம் சத்தமில்லாமல் 97 சதவீதமாகிவிடும். 6 அடி இறக்கையில் 2 அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். அதனால் படத்தின் மூலையில் 100 மி.மீ. கோடு ஒன்று நெடுக்கிலும் ஒன்று குறுக்கிலும் வரைந்து வையுங்கள். கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்த பிறகு காசு கொடுங்கள்.

மூன்றாவது, பெரும்பாலான பிளான்களில் ஒரு பக்க இறக்கைதான் வரைந்திருக்கும். அதன் மேலேயே இரண்டையும் கட்டினால் இரண்டு இடது இறக்கை கிடைக்கும். சிரிக்காதீங்க, உலகம் முழுக்க நடக்கும் தப்பு இது. கம்ப்யூட்டரில் கண்ணாடிப் பிம்பம் எடுத்து பிரின்ட் போடலாம். பழைய கால வழி இன்னும் சுலபம்: தாளில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தாள் ஒளி ஊடுருவும்படி ஆகி, பின்பக்கம் கோடு பளிச்சென்று தெரியும். திருப்பிப் போட்டால் வலது இறக்கைப் பிளான் ரெடி. நம்ம ஊரில் தேங்காய் எண்ணெய்க்கா பஞ்சம்?

நான்காவதுதான் பலர் கோட்டை விடும் இடம். பிளானில் வெளிக்கோடு என்பது எல்லாம் முடிந்த பிறகு இருக்க வேண்டிய வடிவம். ஃபார்மருக்கு மேல் 2 மி.மீ. பால்சா ஷீட் ஒட்டப்போகிறீர்கள் என்றால், ஃபார்மரைச் சுற்றிலும் 2 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் உடல் 4 மி.மீ. பருத்து, கண்ணாடி மூடி பொருந்தாது.

இதோடு சிற்பிகளிடமிருந்து ஒரு பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சிற்ப மரபில் உருவத்தை அடிக்கணக்கில் பேசுவதில்லை; தாலக்கணக்கில் பேசுவார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம், அதை 12 அங்குலமாகப் பிரிப்பார்கள். இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை. சிலையோடு சேர்ந்து வளரும், சுருங்கும். நவதாலச் சிலை என்றால் மொத்தம் 9 தாலம், 108 அங்குலம். சிலை ஓரடியானாலும் பத்தடியானாலும் விகிதம் மாறாது. மாடலில் இறக்கையின் அகலத்தை அப்படி ஒரு தாலமாக வைத்துக்கொள்ளுங்கள். எடைமையம் முன்விளிம்பிலிருந்து 0.25 முதல் 0.30 பங்கு என்று குறித்துவைத்தால், நாளைக்கு 1/8-இல் கட்டினாலும் மறுபடி கணக்குப் போட வேண்டாம்.

கட்டும்போது

சமதளமான பலகை ஒன்று வேண்டும். அதன் மேல் பிளான், பிளானுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். அப்போதுதான் ஃபெவிகால் பிளானோடு ஒட்டாது. ஸ்பாரை குண்டூசி வைத்து நிறுத்தி, ரிப்களை மூலைமட்டம் வைத்து நேராக ஒட்டிக்கொண்டே போகலாம். மோட்டார் தாங்கும் இடம், சக்கரம் பொருந்தும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் எபாக்ஸி. மற்ற இடமெல்லாம் எபாக்ஸி போட்டால் எடைதான் ஏறும்.

பால்சா மரம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ உள்ளதும் உண்டு, 200 கிலோ உள்ளதும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான். ஒரே அளவு ஷீட்களை நிறுத்துப் பார்த்துப் பிரியுங்கள். கனமானது ஸ்பாருக்கும் மூக்குப் பகுதிக்கும். லேசானது வாலுக்கும் இறக்கை நுனிக்கும். இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் ஜோடியாக ஒரே எடையில் எடுங்கள். பால்சா வெளிநாட்டு மரம், விலை கொஞ்சம் கூடுதல். அதனால் முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு மரத்தில் கை வையுங்கள்.

இப்போது சுருங்காத விஷயங்களுக்கு வருவோம். முதலாவது, காற்று. இறக்கையை ஆறில் ஒரு பங்காக்கினோம். காற்றின் பாகுத்தன்மை அப்படியேதான் இருக்கிறது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த ரெனால்ட்ஸ் எண் ஞாபகம் இருக்கா? நிஜ புஷ்பக்குக்கு 140 கி.மீ. வேகத்தில் அது சுமார் 38 லட்சம். நம் மாடலுக்கு 57 கி.மீ. வேகத்தில் 2.6 லட்சம்தான். கிட்டத்தட்ட 15-இல் ஒரு பங்கு. அந்த நிலையில் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுச் சீக்கிரமே பிரிந்துவிடும். இறக்கை எளிதாக ஸ்டால் ஆகும். அதனால்தான் மாடல் கட்டுபவர்கள் மூன்று சின்ன "பொய்"களைச் சேர்க்கிறார்கள்: குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணுக்கு ஏற்ற வேறு ரிப் வடிவம், கொஞ்சம் பெரிய கிடைவால், இறக்கை நுனியில் இரண்டு டிகிரி கீழ்நோக்கிய முறுக்கு. நுனி கடைசியாக ஸ்டால் ஆனால் விமானம் பக்கவாட்டில் கவிழாமல் மூக்கைத் தாழ்த்தும். சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். ஐந்தடி தள்ளி நின்றுகூட யாராலும் இந்தப் பொய்களைக் கண்டுபிடிக்க முடியாது.

ஃபினிஷிங்: இங்கேதான் எடை ஏறும்

கல்லில் காவியால் கோடு போட்டுச் செதுக்கும்போது சிற்பி கோடு வரைக்கும் ஒரேயடியாக வெட்டிவிடுவதில்லை. கொஞ்சம் கல்லை விட்டுவைத்து, சின்ன உளியால் மெதுவாகக் கோட்டை நெருங்குவார். வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாதே! பால்சாவும் அப்படித்தான். உப்புத்தாளை கையில் சுருட்டித் தேய்க்காதீர்கள், பள்ளம் விழும். நேரான மரக்கட்டையில் ஒட்டித் தேயுங்கள். 120, 220, பிறகு 400. மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம்.

புஷ்பக் துணி போர்த்திய விமானம் என்பதால் பளபளப்பான பிளாஸ்டிக் ஃபிலிம் அதற்கு ஒட்டாத வேஷம். மெல்லிய துணியோ டிஷ்யூ தாளோ ஒட்டி, டோப் பூசி இறுக்கினால் ரிப்களுக்கு இடையில் லேசாகக் குழிந்து, அசல் போலவே இருக்கும். டோப் எளிதில் தீப்பற்றும், மூச்சையும் அடைக்கும். ஜன்னல் திறந்த அறையில் மட்டும் செய்யுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் டோப் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். மழை விட்ட, வெயில் ஏறிய நேரம் பார்த்துப் பூசுங்கள்.

பெயின்ட்டுக்கும் எடை உண்டு என்பது பலருக்கு ஞாபகம் வருவதே இல்லை. நம் புஷ்பக்கின் மொத்த வெளிப்பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பெயின்ட் 0.05 மி.மீ. தடிமன் இருந்தால் அதுவே 80 கன சென்டிமீட்டர், 100 கிராமுக்கு மேல். இரண்டு தடவை அடித்தால் போர்வைக்கும் பெயின்ட்டுக்கும் ஒதுக்கிய 300 கிராமில் பெரும்பகுதி போச்சு.

அந்த எடை எங்கே உட்காருகிறது என்பது இன்னும் முக்கியம். எடைமையத்திலிருந்து வால் சுமார் 70 செ.மீ. தூரம், மூக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்தான். வாலில் 10 கிராம் பெயின்ட் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஆக 10 கிராம் ஆசைக்கு 40 கிராம் விலை. வாலுக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும்.

விவரங்களிலும் இதே கேள்விதான்: எது இந்த அளவில் கண்ணுக்குத் தெரியும்? நிஜத்தில் 2 மி.மீ. இடைவெளி 1/6-இல் 0.33 மி.மீ.; கூர்மையான பென்சில் கோடு போதும். 1/72-இல் அது 0.03 மி.மீ., தெரியவே தெரியாது; அங்கே ஆழமாகக் கீறினால் விமானத்தில் வாய்க்கால் வெட்டிய மாதிரி இருக்கும். நிறமும் அப்படித்தான். 100 அடி தூரத்தில் பறக்கும் 1/6 மாடல், 600 அடி தூரத்து நிஜ விமானமாகக் கண்ணுக்குத் தோன்ற வேண்டும். தூரத்துப் பொருள்களின் நிறம் சற்று வெளுத்துத் தெரியும் என்பதால் எந்த நிறத்திலும் துளி வெள்ளை கலந்துகொள்ளுங்கள். அதிகப் பளபளப்பு வேண்டாம்.

பறக்கவிடும் முன்: நம்ம ஊர்க் காற்று

சுருங்காத இரண்டாவது விஷயம், வீசும் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மணிக்கு 30 கி.மீ. காற்றை நிஜ புஷ்பக் சமாளித்துவிடும். 57 கி.மீ. வேகத்தில் போகும் மாடலுக்கு அது தன் வேகத்தில் பாதிக்கும் மேல். √6-ஆல் பெருக்கிப் பார்த்தால், நிஜ விமானம் 73 கி.மீ. காற்றில் மாட்டிக்கொண்டதற்குச் சமம். அந்தக் காற்றில் எந்த ஃப்ளையிங் கிளப்பும் மாணவரைத் தனியாக அனுப்பாது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பால்சா எம்மாத்திரம்? முதல் பறப்பை பருவக்காற்று அடங்கிய மாதங்களில், விடிந்ததும் காற்று எழும் முன் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் உண்டு. ட்ரோன் விதிகள் 2021-இன்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 2 முதல் 25 கிலோ வரை ஸ்மால். நம் 2.83 கிலோ புஷ்பக் ஸ்மால் வகையில் வரும். பக்கத்திலேயே கூடங்குளமும் மகேந்திரகிரியும் இருப்பதை மறக்க வேண்டாம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலம்தானா என்று பார்த்து, விதிகளை ஒருமுறை முழுசாகப் படித்து, கல்லூரிக்கும் தெரிவித்துவிட்டே பறக்கவிடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. ரெடிமேட் கிட் வாங்கினால் ஒரே வாரத்தில் பறக்கலாம், தப்பே இல்லை. ஆனால் உடைந்தால் எதனால் உடைந்தது என்று அது சொல்லாது. பிளானிலிருந்து கட்டியவருக்கு ஒவ்வொரு கிராமும் எங்கே போனது என்று நோட்டில் இருக்கும். விமானம் மூக்கு குத்தினாலும் பக்கம் சாய்ந்தாலும் அந்த நோட்டைத் திறந்து காரணத்தைத் தேடலாம். ஏரோ டிசைன் போட்டிக்குப் போகும் டீமோ, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணும் டீமோ, யாருக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

6 அடி விமானம் மலைப்பாக இருக்கிறதா? அதே பிளானை 1/12-இல் பிரின்ட் எடுங்கள். 3 அடி இறக்கை, இலக்கு எடை 354 கிராம். எப்படி வந்தது என்று நீங்களே போட்டுப் பாருங்க.